ஏசியும் ஹீட் பம்பும்: வன்னி வாசகர் கேள்விகள்

கேள்வி: மகன் ரொறன்ரோவில் வாங்கிய வீட்டில் ஹீட் பம்ப். ஸ்மார்ட் தெர்மோஸ்டாட்டில் (வீட்டுச் சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) பகலுக்கு 21 பாகை, படுக்கும்போது 15, விடிய 7 மணிக்குத் திரும்ப 21 என்று போட்டிருக்கிறார். "இரவு முழுக்கக் குறைத்து வைத்தும் பில் குறையுதில்லை அப்பா" என்கிறார். என்ன காரணம்? (கிளிநொச்சி)

பதில்: அந்த 15தான் காரணம். கிணற்று மோட்டர் தண்ணீரை உண்டாக்குவதில்லை, இறைக்கிறது. ஹீட் பம்பும் அப்படித்தான். குளிர்காற்றிலும் மிஞ்சியிருக்கும் வெப்பத்தை உள்ளே இறைக்கிறது. அதனால் கடுங்குளிர் இல்லாத நாளில் ஒரு யூனிட் கரண்டுக்குக் கிட்டத்தட்ட 3 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஆனால் ஆறுதலாக இறைக்கும். விடிய ஒரேயடியாக 6 பாகை ஏற்றச் சொன்னால், தெர்மோஸ்டாட் துணை ஹீட்டரையும் போட்டுவிடும். அது வெறும் கம்பிச்சுருள். ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். இரவு மிச்சம் பிடித்தது காலையில் அதற்குள் போய்விடும்.

நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் இருந்தால் அடி இன்னும் பலம். ஒன்ராறியோவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, வேலைநாட்களில் காலை 7 முதல் 11 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் கரண்ட் விலை உச்சம். மகனின் வீடு சூடேறத் தொடங்குவதே அந்த 7 மணிக்குத்தான்.

இரவில் 19க்குக் கீழே இறக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். கடுங்குளிர் நாட்களில் ஒரே எண்ணிலேயே விடலாம். வெளியே எத்தனை பாகைக்கு மேல் இருந்தால் துணை ஹீட்டர் வேலை செய்யக்கூடாது என்று குறிக்கவும் பல தெர்மோஸ்டாட்டுகளில் இடமுண்டு. பூட்டியவரைக் கூப்பிட்டு அதைச் சரிபார்க்கட்டும். நான் பார்க்கச் சொல்லும் முதல் இடம் அதுதான். பம்பை விட்டுத் துணை ஹீட்டரை மட்டும் ஓட்டும் 'எமர்ஜென்சி ஹீட்', பம்ப் பழுதான நாளுக்கு மட்டும். துணைக்கு கேஸ் உலை உள்ள வீடென்றால் கணக்கு வேறு. வெளி யூனிட்டிலிருந்து இடைக்கிடை ஆவி கிளம்பினால் பயப்பட வேண்டாம், படிந்த உறைபனியை அதுவே உருக்குகிறது.

கேள்வி: வேலையால் வந்ததும் ஏசியை 16இல் போட்டால் கெதியாகக் குளிரும்தானே? (வவுனியா)

பதில்: அறை சூடாக இருக்கும்போது 24இல் போட்டாலும் இன்வெர்ட்டர் ஏசி முழு வேகத்தில்தான் தொடங்கும். வித்தியாசம் பிறகுதான் வரும். 24ஐத் தொட்டதும் கொம்பிரசர் வேகத்தைக் குறைத்து, குறைந்த கரண்டில் ஓடும். 16 என்று சொன்னால் அந்த இடத்துக்கு வந்து சேராமலே விடியும்வரை இழுக்கும். 26இல் போட்டு ஃபானையும் சுழல விடுங்கள். வைஃபை உள்ள ஏசியென்றால் போனிலேயே நேரம் குறிக்கலாம்: படுக்க அரை மணிக்கு முன் 26, நடுச்சாமத்துக்குப் பின் 27, விடிய 5க்கு நிற்பாட்டம். வீட்டு மின்கட்டணம் யூனிட் கூடக் கூடப் படிப்படியாக ஏறுவதால், ஏசி இழுப்பது பெரும்பாலும் மேல்படி விலையில்தான்.

கேள்வி: சீற் போட்ட அறை. 9,000 பீ.ரீ.யூ (BTU, குளிரூட்டும் திறன்) ஏசி இரவிரவாக ஓடியும் குளிரில்லை. 12,000 வாங்கவா? (ஒட்டுசுட்டான்)

பதில்: வாங்க வேண்டாம். கச்சான் வீசும் மாதத்தில் பின்னேரம் 3 மணிக்கு அந்த அறைக்குள் ஏணி வைத்து ஏறி, சீற்றுக்குக் கீழே உள்ளங்கையைப் பிடித்துப் பாருங்கள். முகத்தில் அடிக்கும் அந்தச் சூட்டோடுதான் உங்கள் ஏசி மல்லுக்கட்டுகிறது. சுவருக்கும் கூரைக்கும் நடுவே கை நுழையும் இடைவெளி இருந்தால் குளிர்காற்று அதால் போய்விடும். பெரிய ஏசிக்குப் போடும் காசில் முதலில் சீலிங் அடியுங்கள், மேலே வெள்ளித்தாள் விரியுங்கள், இடைவெளியை அடையுங்கள். பிறகு 9,000 காணும் என்றே நினைக்கிறேன். அஸ்பெஸ்டஸ் சீற்றென்றால் துளைக்கவோ வெட்டவோ கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குப் பெருங்கேடு.

கேள்வி: ஃபில்டரை எப்போது கழுவுவது? (மாங்குளம்)

பதில்: கிரவல் வீதியோரம் அல்லது வயலருகே என்றால் இரண்டு கிழமைக்கு ஒருக்கால். அரிவுவெட்டுக் காலத்தில் கிழமைதோறும். வெறும் தண்ணீரில் கழுவி நிழலில் காயவிடுங்கள்.

கேள்வி: ரிமோட்டில் சூரியன் படம் இருக்கிறதே, மார்கழிக் குளிருக்குப் போடலாமா? (முல்லைத்தீவு)

பதில்: இங்கே விற்கும் ஏசிகளில் பல குளிரூட்ட மட்டுமே. ஒரே ரிமோட்டைப் பல மொடல்களுக்குக் கொடுப்பதால் படம் இருக்கும், வேலை செய்யாது. வேலை செய்கிற மொடல் என்றால் அது மேலே சொன்ன ஹீட் பம்பேதான்! ஆனால் வன்னி மார்கழிக்கு ஒரு போர்வை போதும். அடைமழையில் அறை ஈரித்துக் கிடந்தால் தண்ணீர்த்துளிப் படத்தை அழுத்துங்கள்.