பழைய கல் மதிலில் பாரத்தை ஏற்றாதீர்கள்

வணக்கம். திருகோணமலை உட்துறைமுகக் கரையில் உள்ள பழைய கல் மதிலின் மேல் கொங்கிரீட் போட்டு, மூதூருக்குத் தினசரி படகு விடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

மதிலைத் தொடாமல் செய்வதுதான் சரி. படகு ஒவ்வொரு முறை அணையும்போதும் இடிக்கும், கயிறு இழுக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய மதில் அதைத் தாங்காது. அதைவிட மோசம், புரொப்பெல்லர் தள்ளுகிற தண்ணீர். அது அடிமணலை அரித்துக்கொண்டே போகும். மேலே ஒன்றும் தெரியாது, ஒருநாள் மதில் சாய்ந்து நிற்கும். ஆகவே சற்றுத் தள்ளி, கடலடியில் தனியாகத் தூண் இறக்கி மிதவை மேடை போடுங்கள். கரையிலிருந்து அதற்கு ஒரு நடைபாலம் போதும். நம் பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றர்கூட வராது என்பதால் அது செங்குத்தாகச் சரியாது, வயதானவர்களும் நடக்கலாம். மதில் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறதா என்று திணைக்களத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உட்துறைமுகம் குளம் மாதிரி, சரி. ஆனால் மூதூருக்குப் போகப் படகு கடக்கவேண்டிய கொட்டியாரக்குடா அப்படியில்லை; வாடையில் அலை எழும்பும். மீன்பிடி வள்ளத்தில் வாங்குப் பலகை போட்டு ஆளேற்றும் யோசனை யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். 2021 நவம்பரில் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாதை (ஆளேற்றிக் கடக்கும் மிதவை) கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் இறந்ததை மறக்க முடியுமா?

அப்புறம், 2009இல் மூதூருக்குப் போகும் வீதியில் கிண்ணியாப் பாலம் திறந்தபின் பஸ்ஸே வசதி. படகு இறங்குமிடத்தில் பஸ் நிற்காவிட்டால் ஆள் வராது.