மார்க்கை ஊருக்குச் சொன்னால் படிப்பு வந்துவிடாது

உடுமலைப் பக்கமிருந்து ஒரு குடும்பம் மகள் படிப்புக்கு யோசனை கேட்டு என்னிடம் வந்திருந்தது. நீட் இரண்டு முறை எழுதியும் சீட் கிடைக்கவில்லை. மூன்றாம் முறைக்கு ஹாஸ்டலோடு கோச்சிங். இந்தத் தடவை அப்பா ஒரு புது ஏற்பாடும் வைத்திருந்தார்: வாராவாரம் டெஸ்ட் மார்க்கைச் சொந்தபந்தங்களின் வாட்ஸ்அப் குழுவில் போடுவாராம். "நாலு பேருக்குத் தெரிஞ்சாத்தானுங்க ரோசம் வரும், உக்காந்து படிச்சுப்போடும்."

அண்ணா, கவலை புரிகிறது. ஆனால் இதைச் செய்யாதீர்கள்.

அந்த ரோசம் சில வாரம் தாங்கும். அப்புறம் பிள்ளை பாடத்தை விட்டுவிட்டு மார்க்கைக் காப்பாற்றப் பார்க்கும். வராத பாடத்தைத் தொடாது, தெரிந்ததையே திரும்பத் திரும்பப் படிக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. கல்யாண வீட்டில் இப்போதே "டாக்டரம்மா" என்று கூப்பிடுகிறார்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியரும் சகாக்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இன்னாராக ஆகப்போகிறேன் என்ற எண்ணத்தைப் பிறர் அறிந்துகொண்டபோது மாணவர்கள் அதற்காக உழைப்பது குறைந்தது. பாராட்டு முன்கூட்டியே கிடைத்துவிடுகிறது. எல்லாவற்றையும்விட, ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது என்பதற்காகவே வேண்டாத பாதையில் இன்னொரு வருஷம் போகும். மார்க்கை ஊர் பார்க்க வேண்டாம், தப்பான விடைகளை உட்கார்ந்து பார்க்கும் ஆசிரியர் ஒருவர் போதும்.

அம்மணியிடம் தனியாகப் பேசினேன். மாமன் வீட்டுப் பட்டுப்புழு ஷெட்டைப் பற்றித்தான் வாய் ஓயாமல் சொன்னது. நாலாம் தோல் உரித்த பிறகு புழு தழை தின்னும் சத்தம் மழை பெய்வதுபோல் இருக்குமாம். லீவில் போனால் ராத்திரித் தழை போடுவது இந்தப் பிள்ளைதானாம். அதை யாரும் குழுவில் போடவில்லை.

மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு பி.எஸ்சி. (ஆனர்ஸ்) பட்டு வளர்ப்புப் படிப்பு இருக்கிறது. நீட் வேண்டாம், பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும். மல்பெரி சாகுபடி, புழு இனப்பெருக்கம், நோய்த் தடுப்பு, கூடு தரம் பிரிப்பு, நூல் நூற்பு எல்லாம் கையால் செய்து படிப்பது. இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் வேண்டும். வளர்ந்த புழுவுக்கு இரண்டையும் குறைக்க வேண்டும். இது தவறினால் நோய் வந்து ஒரு பேட்சே போய்விடும். அதனால்தான் பல விவசாயிகள் முட்டையாக வாங்காமல், இரண்டாம் தோல் உரித்த புழுவை இளம்புழு மையங்களில் வாங்குகிறார்கள். அப்படி ஒரு மையத்தைப் படித்தவர் நடத்தினால் உங்கள் ஊரைச் சுற்றியே பிழைப்பு உண்டு. வங்கிகளின் வேளாண் கள அலுவலர் தேர்வையும் இந்தப் பட்டத்தோடு எழுதலாம். அரசு வேலை மட்டுமே குறி என்றால் இடங்கள் கொஞ்சம்தான், அதையும் தெரிந்தே சேருங்கள்.

பணத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். மூன்றாம் வருஷக் கோச்சிங்குக்கு நகையை அடகு வைக்காதீர்கள். நீட்தான் வேண்டும் என்று அம்மணியே சொன்னால், கல்லூரியில் சேர்ந்துகொண்டே எழுதட்டும். இந்த வாரம் அவளையும் கூட்டிக்கொண்டு மேட்டுப்பாளையம் போய்வாருங்கள். அங்கே படிக்கிற பிள்ளைகளிடம் கேள்வியெல்லாம் அவளே கேட்கட்டும்.