பாலியல் நலத் தொண்டு நிறுவனங்களுக்கு வரும் நிதி எதற்குச் செலவாகிறது?

"ஆணுறை கொடுப்பதைத் தவிர இவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஆணுறை அந்த வேலையில் ஒரு பகுதிதான்.

இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்றுகளை 1986-ல் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமன் குழு கண்டறிந்தது. 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் வந்தது. இங்கே பல தொண்டு நிறுவனங்களுக்கு அதன் வழியாகத்தான் திட்ட நிதி கிடைக்கிறது.

அந்தப் பணத்தின் உண்மையான பலன் மனிதர்களிடம் இருக்கிறது. பாலியல் தொழிலில் இருக்கும் பெண்கள், திருநங்கைகள், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்கள் என்று அந்தந்தச் சமூகத்திலிருந்தே ஆட்களை எடுத்து, மதிப்பூதியம் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறார்கள். பயந்து நிற்கும் ஒருவரிடம் பேசிப் பேசி, அரசு மருத்துவமனையில் எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையம் வரை கூடவே போவது அவர்கள்தான். வெள்ளைக் கோட்டு போட்டவர் சொன்னால் கேட்காதவர்கூட, தன்னைப் போன்ற ஒருத்தி சொன்னால் கேட்பார். தொற்று உறுதியானால் கூட்டு மருந்து (எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் மருந்துகள்) தொடங்கவும், அதை விடாமல் சாப்பிடவும் இதே ஆட்கள் துணை நிற்பார்கள்.

ஒப்பந்தம் முடிந்து அடுத்த தவணை தாமதமானால் முதலில் அறுபடுவது இந்த உறவுதான். எனக்கு இதில் பெரிய வருத்தம் உண்டு. நம்பிக்கையை மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

அப்புறம், உங்களுக்கே எச்ஐவி பற்றிச் சந்தேகம் இருந்தால் 1097 என்ற எய்ட்ஸ் உதவி எண்ணுக்கு அழையுங்கள், கட்டணம் இல்லை. 2017-ம் ஆண்டின் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டப்படி உங்கள் சம்மதம் இல்லாமல் எச்ஐவி பரிசோதனை செய்யக் கூடாது.