தூங்குகிற பிள்ளையின் கட்டைவிரல்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: பிள்ளையின் போனைப் பார்க்கலாமா, கூடாதா? ஐந்தை எடுத்துச் சுருக்கியிருக்கிறேன்.

பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தூங்கிய பிறகு அவள் கட்டைவிரலை வைத்து போனைத் திறந்து வாட்ஸ்ஆப்பைப் படிக்கிறேன். நேற்று தோழிக்கு ‘எங்கம்மா ஒரு சிபிஐ, செம கடுப்பு’ என்று எழுதியிருந்தாள். கேட்கவும் முடியவில்லை, தூக்கமும் வரவில்லை. நான் செய்வது தப்பா?
– ஒரு தாய், திருப்பூர்

‘கேட்கவும் முடியவில்லை’ என்றீர்களே, சிக்கல் அங்கேதான். திருட்டுத்தனமாகப் படித்ததை வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ‘உனக்கு எப்படித் தெரியும்?’ என்பாள். நாளைக்கு நிஜமாகவே ஆபத்தான ஒன்று கண்ணில் பட்டாலும் இதே கதைதான். மேலும், சிபிஐ என்று அவள் சொன்னதில் பெரிய பொய்யும் இல்லையே!

அந்த வயதில் அம்மாவைப் பற்றித் தோழியிடம் புலம்பாதவர் யார்? நாம் மொட்டைமாடியில் புலம்பினோம், காற்றோடு போயிற்று. இவர்கள் டைப் அடிக்கிறார்கள், அது தங்கிவிடுகிறது.

ஒருமுறை ஒரு அப்பா, மகனின் குரூப் சாட்டைப் பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையால் அடிக்கோடிட்டு என் மேஜையில் வைத்தார். கோடு போட்ட இடமெல்லாம் ‘செத்தேன்’, ‘சாவுடா’, பக்கத்தில் மண்டையோடு எமோஜி. பையன் ஏதோ செய்துகொள்ளப் போகிறான் என்று நடுங்கிப் போயிருந்தார். இந்தப் பிள்ளைகளுக்கு மண்டையோடு என்றால் சிரித்துச் சிரித்துச் செத்தேன் என்று அர்த்தம். அதே தாள்களில், கோடு போடாத ஒரு வரி இருந்தது: ‘ரெண்டு நாளா தூங்கல, யார்ட்டயும் சொல்லாத.’ நான் அந்த வரியில்தான் பேச்சைத் தொடங்கினேன்.

இன்றோடு நிறுத்துங்கள். நிறுத்தியதை அவளிடம் சொல்லியும் விடுங்கள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டாள், பொறுத்துக்கொள்ளுங்கள். பிறகு வெளிப்படையாக ஒரு ஏற்பாடு: இரவு பத்து மணிக்கு போன் ஹாலில் சார்ஜில் இருக்கும், உங்கள் போனும் கூடவே. உங்கள் போன் இல்லையென்றால் இது செல்லாது.

மொபைல் கடையில் ஒரு ஆப் போட்டுத் தருகிறேன் என்கிறார்கள். மகனுக்கு வரும் மெசேஜ் எல்லாம் என் போனுக்கும் வந்துவிடுமாம். போடலாமா?
– ஒரு தந்தை, வேளச்சேரி

வேண்டாம். இந்த மாதிரி உளவு ஆப்கள் பலவற்றைப் போடும்போது முதல் வேலையாக ‘பிளே புரொடெக்ட்’ என்ற பாதுகாப்பை அணைக்கச் சொல்வார்கள், அடுத்து ‘அக்சஸிபிலிட்டி’ அனுமதி கேட்பார்கள். அதைக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதையெல்லாம் ஆப் படிக்கும். உங்கள் பையனின் படங்களும் பேச்சும் எங்கோ முகம் தெரியாதவரின் சர்வரில் போய் உட்காரும். இத்தகைய நிறுவனங்களின் தகவல்கள் ஒரு முறையல்ல, பல முறை கசிந்திருக்கின்றன.

கூகுளின் ‘ஃபேமிலி லிங்க்’ இலவசம். புதிய ஆப் போட உங்கள் அனுமதி, நேரக் கட்டுப்பாடு, இருப்பிடம் எல்லாம் உண்டு. மெசேஜைக் காட்டாது. இன்ஸ்டாகிராமில் பதின்வயதினருக்கான ‘டீன் அக்கவுன்ட்’ 2025-இல் இந்தியாவுக்கு வந்தது. அதில் மேற்பார்வையை இணைத்துக்கொண்டால் கடந்த 7 நாட்களில் பிள்ளை யார் யாரோடு பேசினான் என்று தெரியும், என்ன பேசினான் என்று தெரியாது. நானாக இருந்தாலும் கோட்டை அங்கேதான் போடுவேன். வாட்ஸ்ஆப் செட்டிங்ஸில், தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே குரூப்பில் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். அவனை உட்காரவைத்து, அவன் கையாலேயே.

நான் பிளஸ் டூ. அப்பா என் வாட்ஸ்ஆப்பை அவர் லேப்டாப்பில் லிங்க் பண்ணி வைத்திருக்கிறார். என் ஃப்ரெண்ட் அவன் வீட்டுச் சண்டையைப் பற்றி எனக்கு எழுதியதை, சாப்பிடும்போது அம்மாவிடம் சொல்லிச் சிரிக்கிறார். என்ன செய்ய?
– ஒரு மாணவன், திருச்சி

தம்பி, ‘லிங்க்டு டிவைசஸ்’ போனால் அந்த லேப்டாப் தெரியும், அதைத் தொட்டு லாக் அவுட் கொடுக்கலாம். ஆனால் சத்தமில்லாமல் செய்யாதே. ‘அப்பா, என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்க. அவன் என்னை நம்பிச் சொன்னது உங்களுக்குச் சொன்னதில்லை’ என்று சொல்லிவிட்டுச் செய். இதை அவரிடமே காட்டினாலும் சரி. ஐயா, உங்கள் மகனை நீங்கள் கவனிக்கலாம். அடுத்த வீட்டுப் பையனின் கண்ணீர் உங்கள் சாப்பாட்டு மேஜைக்கு எதற்கு?

பேரனுக்குப் பதிமூன்று வயது. அப்பா அம்மா குவைத்தில். நான் போனால் போனைக் கவிழ்த்து வைக்கிறான். எனக்குப் பட்டன் போன் மட்டும்தான் தெரியும்.
– ஒரு பாட்டி, காரைக்குடி

போன் தெரியாதது நல்லதாகப் போயிற்று, அம்மா. நீ போனில் விளையாடும் கேமை எனக்கும் கற்றுக்கொடு என்று பக்கத்தில் உட்காருங்கள். கூட விளையாடுவது யார் யார் என்று கேளுங்கள். நேரில் பார்க்காத ஒருவன் ‘இங்கே வேண்டாம், டெலிகிராமுக்கு வா’ என்றாலோ, ‘வீட்டில் சொல்லாதே’ என்றாலோ உங்களிடம் வந்து சொல்லச் சொல்லுங்கள். போனைப் பிடுங்க மாட்டேன் என்று முதலிலேயே வாக்குக் கொடுங்கள். அந்தப் பயத்தில்தான் பிள்ளைகள் மறைக்கிறார்கள்.

ஒன்பதாம் வகுப்பு மகனின் அந்தரங்கப் படத்தை வைத்துக்கொண்டு ஒருவன் இன்ஸ்டாவில் பணம் கேட்டு மிரட்டுகிறான். மகனே அழுதுகொண்டு காட்டினான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு நம்பரை மாற்றிவிடலாமா?
– ஊர் வேண்டாம்

உங்களுக்கு அன்றே பதில் எழுதிவிட்டேன். மற்றவர்களுக்காக இங்கே.

அழிக்காதீர்கள். அவனுடைய கணக்குப் பெயர், மிரட்டல் வரிகள், பணம் கேட்ட யுபிஐ ஐடி எல்லாவற்றையும் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணம் கட்டாதீர்கள், ஒருமுறை கட்டினால் அடுத்த வாரமும் கேட்பான். யோசனை கேட்கிறேன் என்று அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கும் மாமாவுக்கும் அனுப்பாதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவில் குற்றம்.

1098 குழந்தைகள் உதவி எண், 1930 சைபர் குற்ற உதவி எண். பையன் என்றாலும் போக்சோ, அதாவது பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம், பொருந்தும். பல பெற்றோர் போலீஸ் என்றதும் பின்வாங்குகிறார்கள். அந்தச் சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், வாங்கும் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. கேட்டுப் பெறுங்கள். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவச சேவையும் உண்டு. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை மட்டும் போகும். அதை வைத்து இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்றவை படத்தைத் தடுக்கும்.

மகனே கொண்டுவந்து காட்டியிருக்கிறான். ‘ஏன்டா அனுப்பினே?’ என்ற கேள்வி இந்த வாரம் வேண்டாம். இரவில் அவனைத் தனியாகப் படுக்க விடாதீர்கள். பேச்சு மாறினாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ 14416-ஐ அழையுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலிமனஸ் அது, எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.