ஏற்காட்டுப் பனியில் வெளுத்த மார்வாரி: மாதிரிக் குதிரைக்கு என்ன வைத்தியம்?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். பிளஸ் டூ படிக்கும் என் மகள், ப்ரேயர் என்ற அமெரிக்கக் கம்பெனியின் 1:9 அளவு (நிஜத்தில் ஒன்பதில் ஒரு பங்கு) பிளாஸ்டிக் குதிரைப் பொம்மை ஒன்றை, மார்வாரி என்ற ராஜஸ்தான் இனக் குதிரையாக மாற்றிக்கொண்டிருக்கிறாள். எம்-சீலில் செய்த காது கழன்று விழுந்துவிட்டது. மேலே அடித்த மேட் வார்னிஷ் ஸ்ப்ரே வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது. சேலத்தில் தங்கை வீட்டு அலமாரியில் வைத்த இன்னொரு குதிரைக்குக் கால் வளைந்திருக்கிறது. இவற்றைச் சரிசெய்து மாதிரிக் குதிரைகளின் படங்களை வைத்து நடக்கும் ஆன்லைன் போட்டோ ஷோ போட்டிக்கு அனுப்ப முடியுமா?

பதில்: முடியும். குதிரையிலோ பெயிண்டிலோ பெரிய குறை இல்லை. வார்னிஷைக் கெடுத்தது ஏற்காட்டு ஈரம், காலை வளைத்தது சேலத்து வெயில்.

முதலில் வெளுப்பு. ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பொம்மையின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்று ஈரமாக இருந்தால் அந்த ஈரம் அங்கேயே படிந்து வார்னிஷுக்குள் சிக்கிக்கொள்ளும். கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிவது அதுதான். நல்ல வெயில் நாளில், வயிற்றின் அடிப்பக்கத்தில் மட்டும் அதே ஸ்ப்ரேயை மிக லேசாக ஒருமுறை அடித்துப் பாருங்கள். புதிய கரைப்பான் பழைய படலத்தைக் கொஞ்சம் இளக்க, சிக்கிய ஈரம் வெளியேறும். அங்கே தெளிந்தால் மற்ற இடங்களுக்கும் செய்யலாம். ஒரேயடியாக நனைய அடித்தால் கீழே நிறத்துக்காகப் பூசிய பேஸ்டல் (வண்ணச் சுண்ணக்கட்டி) தூள் கலைந்துவிடும், எச்சரிக்கை.

இனிமேல் ஒரு சிறிய ஈரப்பதமானி வாங்கி வைத்துக்கொண்டு, 60 சதவீதத்துக்கு மேல் காட்டும் நாளில் ஸ்ப்ரே டப்பாவைத் தொடாதீர்கள். மலையில் மழைக்காலம் முழுக்க அப்படித்தான் இருக்கும் என்பதால், அந்த மாதங்களில் பிரஷ்ஷால் பூசும் தண்ணீர் அடிப்படையிலான அக்ரிலிக் மேட் வார்னிஷே நிம்மதி. "சேலத்துக்கே போய் அடித்துவிடலாமே" என்று தோன்றும். மே மாத மதியத்தில் அங்கே வேறு தொல்லை: துளிகள் பொம்மையைச் சேருமுன்பே காற்றில் காய்ந்து, தொட்டால் மணல் போல நெருடும். காலை ஒன்பது மணியளவில், 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் அடிக்க வேண்டும்.

வளைந்த காலுக்கு வருவோம். இந்தக் குதிரைகள் செல்லுலோஸ் அசிடேட் என்ற பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுபவை. சூட்டில் இளகும், அசிட்டோனில் கரையும். எனவே நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கத்திலேயே வரக்கூடாது. கொதித்த நீரை இறக்கிச் சில நிமிடம் ஆறவிட்டு, வளைந்த காலை மட்டும் ஓரிரு நிமிடம் முக்குங்கள். கையுறையோடு நிமிர்த்தி, தேவைக்குச் சற்று அதிகமாகவே எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் வைத்தால் நிற்கும். முழு உடலையும் முக்காதீர்கள். உள்ளே கூடாக இருப்பதால், அங்குள்ள காற்று சூடாகி விரிந்து வயிறு உப்பிவிடும். நீங்களே பெயிண்ட் அடித்த குதிரை என்றால் தண்ணீர் வேண்டாம், ஹேர் ட்ரையர் போதும். மேற்கு வெயில் சுடும் சுவரை ஒட்டிய அலமாரியும் காருக்குள் வைப்பதும் கூடவே கூடாது. காற்றுப் புகாத பெட்டியிலும் அடைக்காதீர்கள். பழைய பொம்மை எதிலாவது வினிகர் வாடை வந்தால் பிளாஸ்டிக் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

காது விழுந்ததற்குக் காரணம், வழவழப்பான பரப்பில் வெறுமனே ஒட்டியதுதான். பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி, ஒட்டும் இடத்தை 400-ஆம் நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, கை ட்ரில்லால் 3 அல்லது 4 மி.மீ. ஆழத் துளையிட்டு, மெல்லிய செம்புக் கம்பியை சூப்பர் க்ளூ வைத்துச் செருகுங்கள். அதன் மேல்தான் எம்-சீல். இரண்டு பகுதியையும் சம அளவு எடுத்து, கோடு எதுவும் தெரியாத ஒரே நிறம் வரும்வரை பிசைய வேண்டும். பாதி பிசைந்தது எத்தனை நாளானாலும் இறுகாது. மலைக் குளிரில் இறுக நேரம் பிடிக்கும், ஒரு நாள் முழுக்க விட்டு அப்புறம் தேயுங்கள்.

மார்வாரியின் காது ஏறத்தாழ 9 முதல் 15 செ.மீ. வரை இருக்கும். 1:9 அளவில் அது 10 முதல் 17 மி.மீ. நுனிகள் உள்நோக்கி வளைந்து, காதை விடைக்கும்போது ஒன்றையொன்று தொட வேண்டும். காது மட்டும் சரியாக இருந்தால் போதாது. குஜராத்தின் காதியவாரி இனத்துக்கும் வளைந்த காதுதான், ஆனால் அதன் முகம் குழிந்திருக்கும். மார்வாரியின் முகம் நேராக இருக்கும். நடுவர் முதலில் பார்ப்பது இதைத்தான்.

நிறத்தில் அதிகம் நடக்கும் தவறு தோல். சாம்பல் குதிரை வயதாகி வெளுத்தாலும் மூக்கும் கண்ணோரமும் கருமையாகவே இருக்கும். அங்கே ரோஸ் அடித்தால் போச்சு. ரோஸ் தோல், நுக்ரா என்னும் பிறவி வெள்ளைக்கும் நெற்றிச்சுட்டி, கால்வெள்ளை போன்ற வெள்ளைக் குறிகளுக்கும் உரியது. கால்வெள்ளை குளம்புவரை இறங்கினால் அந்தக் குளம்பையும் வெளிர் நிறமாக்குங்கள். கண்ணின் பாவை படுக்கைவாட்டில் இருக்கும். அதன்மேல் ஒரு துளி பளபளப்பு வார்னிஷ்.

படம் எடுக்கும்போது மொபைலைக் குதிரையின் வயிற்று உயரத்துக்கு இறக்கி, ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் செய்யுங்கள். கிட்டே போய் எடுத்தால் தலை பெருத்துத் தெரியும். மேகம் மூடிய ஏற்காட்டு வெளிச்சம் இதற்கு அருமை. பின்னணியில் தூரத்துச் சில்வர் ஓக் மரங்கள் நன்றாக அமையும், காலடியில்தான் வினை: ஒரு செ.மீ. ஜல்லி, அந்த அளவில் 9 செ.மீ. கல்லாகிவிடும். சலித்த மணல் போடுங்கள். கம்பெனிப் பூச்சு மாறாத குதிரைகளுக்குத் தனிப் பிரிவு உண்டு, இதை 'கஸ்டம்' பிரிவில்தான் பதிய வேண்டும். அதே நிற உண்மையான மார்வாரியின் குறிப்புப் படத்தைச் சேர்க்க விதி இடம் தந்தால் சேர்த்துவிடுங்கள்.

சேணம் பூட்டிக் காட்டும் பிரிவுக்கு ஆசை இருந்தால், கடிவாளத்துக்கான சின்ன வளையங்களுக்கு வெளிநாட்டில் ஆர்டர் போட வேண்டாம். சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைகளில் 3 மி.மீ. வளையமும் கொக்கியும் கேட்டுப் பாருங்கள். தோல் ஒரு மி.மீ.க்கும் மெல்லியதாகச் சீவப்பட்டிருக்க வேண்டும். கடிவாள இரும்பு வாய்க்குள் இருப்பதாகத் தெரிய வேண்டும், உதட்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. இனம் பார்க்கும் ஹால்டர் பிரிவு மட்டும் என்றால் இந்தச் செலவே தேவையில்லை.