ஓர்க்கா பக்கத்தில் வந்தால்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: அக்கா, ஓர்க்காவுக்கு இன்னொரு பேர் ‘கொலைத் திமிங்கலம்’. ஆனால் கடலில் ஆளைக் கொன்றதே இல்லை என்கிறார்களே, நிஜமா?

பதில்: நிஜம்தான். இயற்கைக் கடலில் ஓர்க்கா மனிதரைக் கொன்றதாகப் பதிவு இல்லை. 1972-இல் கலிஃபோர்னியாவில் அலைச்சறுக்கு வீரர் ஒருவரைக் கடித்தது. தையல் போட்டுப் பிழைத்துக்கொண்டார். சாவு நடந்தது தொட்டியில் அடைத்து வைத்தவற்றிடம். திலிக்கும் என்ற ஒரே ஓர்க்கா 1991, 1999, 2010 என மூன்று சாவுகளில் சம்பந்தப்பட்டது.

கேள்வி: அப்புறம் கூட நீந்தினால் என்ன? நார்வேயில் காசு வாங்கிக்கொண்டு கூட்டிப் போகிறார்களே.

பதில்: வளர்ந்த ஆண் 5, 6 டன் இருக்கும். அதற்குக் கோபமே வர வேண்டாம், திரும்பிப் படுத்தாலே போதும். நார்வேயில் அவை ஹெர்ரிங் மீன்களைப் பந்து போலத் திரட்டி, வாலால் அறைந்து மயங்க வைத்துத் தின்கின்றன. அந்தப் பந்திக்குள் நாம் எதற்கு? நியூசிலாந்தில் 2024-இல் ஒருவர் படகிலிருந்து ஓர்க்கா மேலேயே குதிக்கப் பார்த்தார். பக்கத்தில் குட்டி வேறு. 600 டாலர் அபராதம். என்னைக் கேட்டால் குறைவு.

கேள்வி: ஸ்பெயின் பக்கம் படகுகளை உடைப்பது பழிவாங்கலா?

பதில்: பழிவாங்கல் நம் சினிமாவுக்குச் சரி. 2020 முதல் ஜிப்ரால்டர், போர்ச்சுகல் கடலில் பாய்மரப் படகுகளின் சுக்கானை முட்டி ஒடிக்கின்றன. சில படகுகள் மூழ்கியும் போயின. ஆட்களை ஒன்றும் செய்வதில்லை. விளையாட்டு என்றுதான் ஆய்வாளர்கள் பலர் நினைக்கிறார்கள். மாட்டிக்கொண்டால் நிற்காமல், ஆழம் குறைந்த கரைப்பக்கம் மோட்டாரில் போகச் சொல்கிறது ஸ்பெயின் அரசு. விளிம்பில் எட்டிப் பார்க்க வேண்டாம். அந்தக் கூட்டத்தில் இருப்பதே 40-க்கும் குறைவு, அதனால் வெடி போட்டு விரட்டுவதெல்லாம் கூடாது.

கேள்வி: அதுவாகவே வந்து உரசினால் தடவிக் கொடுக்கலாமா?

பதில்: லூனா கதையைச் சொல்கிறேன். கனடாவின் நூட்கா குடாவில் 2001-இல் தனியாக வந்து சேர்ந்த குட்டி அது, வயது இரண்டு. அந்த வகை ஓர்க்கா வாழ்நாள் முழுக்கத் தாயோடு இருக்கும். துணையில்லாத லூனா படகுகளிடம் போனது. ஆட்கள் தடவினார்கள், விளையாடினார்கள், அதற்கும் பிடித்துவிட்டது. தடவக்கூடாது என்று அதிகாரிகள் தடை போட்டார்கள், யார் கேட்டார்கள்? 2004-இல் பிடித்து உறவுக் கூட்டத்திடம் சேர்க்கப் பார்த்தார்கள். மறைந்த தலைவரின் ஆவி அதில் இருப்பதாக நம்பிய அந்த ஊர்ப் பூர்வகுடிகள் தோணியில் போய் அதை வேறு பக்கம் அழைத்துச் சென்றுவிட்டார்கள். 2006 மார்ச்சில் வழக்கம் போல ஓர் இழுவைக் கப்பலிடம் விளையாடப் போனது. கப்பலின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கிச் செத்தது. அது யாரையும் கடித்ததில்லை.

கேள்வி: நான் திருகோணமலை. இங்கேயும் வருமா?

பதில்: எப்போதாவது வரும், மிரிஸ்ஸ பக்கமும் பார்த்திருக்கிறார்கள். கண்டால் பின்னால் விரட்டச் சொல்லிப் படகுக்காரரை நச்சரிக்காதீர்கள். முதுகுத் துடுப்பும் அதன் பின்னால் உள்ள சாம்பல் திட்டும் தெரிகிற மாதிரி தூரத்திலிருந்தே படம் எடுங்கள். எந்த ஓர்க்கா என்று அதை வைத்தே கண்டுபிடிப்பார்கள்.