நாரி, குதிக்கால், தோள்: இந்த முறை வந்த கேள்விகள்

வெள்ளாமை வெட்டு முடிந்த கையோடு நாரி (கீழ்முதுகு) நோக் கேள்விகள் குவியும், இந்த முறையும் அதேதான். கூடவே முழங்கை, தோள், குதிக்கால் என்று கலந்து வந்திருக்கிறது. கத்தி வைக்காமல் எது ஆறும், எதற்கு வைத்தே ஆகவேண்டும் என்று கடந்த இருபது வருடத்தில் நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன, அவற்றை வைத்தே பதில் சொல்கிறேன்.

படுவான்கரை விவசாயி, வயது 50: உர மூட்டை தூக்கியதில் நாரி பிடித்துவிட்டது. எம்ஆர்ஐயில் டிஸ்க் பிதுங்கியிருக்கு என்கிறார்கள். கால் நோ இல்லை. பெல்ட் கட்டிக்கொண்டு மூன்று கிழமையாகப் படுத்திருக்கிறேன். ஒப்பரேஷன் செய்யத்தான் வேண்டுமா?

அண்ணன், முதலில் கட்டிலை விட்டு எழும்புங்கள். டிஸ்க், அதாவது முள்ளெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை, பிதுங்கியிருக்கு என்ற அந்த ஒரு வரியைப் படித்ததும் பாதிப் பேர் படுத்துவிடுகிறார்கள், நோவை விட ரிப்போர்ட்தான் ஆளைச் சாய்க்கிறது. 2015இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது, நாரி நோவே இல்லாத 3110 பேரின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். 20 வயதில் 30 சதவீதம், 50 வயதில் 60 சதவீதம், 80 வயதில் 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுங்கித்தான் இருந்தது. உங்கள் வட்டையில் உங்கள் வயதுக்காரர் பத்துப் பேரை, அதுவும் நோ இல்லாதவர்களாகப் பார்த்து ஸ்கேன் எடுத்தாலும் ஆறு பேருக்கு இதே ரிப்போர்ட்தான் வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் ஒப்பரேஷன் பேசக் கூடாது.

பெல்ட்டையும் மெல்ல விடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அதில் சொன்னவற்றில் பெல்ட், இழுவைச் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் சிகிச்சை மூன்றும் உண்டு. (கடைசி இரண்டையும் செய்துவிடு என்று என்னோடு சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.) உங்களுடையது இன்னும் நாட்படவில்லை, படுத்துப் படுத்து அப்படி ஆக்கிவிடாதீர்கள். பனடோலிலும் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம், 2014இல் ஆஸ்திரேலியாவில் 1600க்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களும் அதே வேகத்தில்தான் சுகமானார்கள்.

பிறகு என்னதான் செய்வது? நடப்பது. 2024இல் லான்செட் இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வில், நாரி நோ வந்து சுகமான 701 பேரில் ஒரு பகுதியினருக்கு இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்) ஒருவர் ஆளுக்கு ஏற்றபடி நடைப் பயிற்சி வகுத்துக் கொடுத்தார், கொஞ்சத்தில் தொடங்கி ஆறு மாதத்துக்குள் கிழமைக்கு ஐந்து நாள் அரை மணித்தியாலம் என்ற அளவுக்கு ஏற்றுவதுதான் குறி. அவர்களுக்கு நோ திரும்பி வர எடுத்த காலத்தின் இடைநிலை 208 நாள், சும்மா விடப்பட்டவர்களுக்கு 112. நோ இருக்கும்போதே நீங்கள் வாய்க்கால் கட்டில் பத்து நிமிடத்தோடு தொடங்கலாம். மூட்டையைப் பிறகு பார்ப்போம், முதலில் அரை வாளித் தண்ணீர், அப்புறம் ஒரு வாளி.

ஆனால் இதைக் கவனமாக வாசியுங்கள்: தொடை இடுக்கில் மரத்துப்போவது, சலம் கட்டிக்கொள்வது அல்லது தெரியாமல் போவது, பாதம் தூக்க முடியாமல் தொங்குவது, இதில் ஒன்று வந்தாலும் நடையும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், அன்றைக்கே போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். காய்ச்சலோடு வரும் நாரி நோவையும் தள்ளிப்போடக் கூடாது.

மருதமுனையில் கைத்தறி வேலை செய்பவர்: முழங்கையின் வெளிப்பக்கம் நோ. ஊசி போட்டேன், அருமையாகச் சுகம் வந்தது. நாலு மாதத்தில் முன்னதை விட மோசம். இன்னொன்று போடலாமா?

வேண்டாம் காக்கா. உங்கள் கதை அப்படியே 2006இல் பிரிஸ்பேன் ஆய்வில் இருக்கிறது. 198 பேரை மூன்றாகப் பிரித்து ஒரு பகுதிக்கு ஸ்டீரொய்ட் ஊசி, ஒரு பகுதிக்கு இயன்மருத்துவம், மிச்சப் பேருக்கு 'பொறுத்துப் பார்' என்ற ஆலோசனை. ஆறாவது கிழமையில் ஊசிக்காரர்தான் முன்னுக்கு நின்றார்கள், 78 சதவீதம் பேருக்கு வெற்றி. அதற்குப் பிறகு சரிந்தது, ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு நோ திரும்பி வந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் ஒன்றுமே செய்யாமல் பொறுத்திருந்தவர்கள் அவர்களை விட நல்லாயிருந்தார்கள்! 2013இல் இன்னொரு ஆய்வும் இதையே சொன்னது. ஆக நோ போனது, தசைநாண் ஆறவில்லை, நீங்களும் ஆறிவிட்டது என்று நினைத்து முழு நாளும் தறியில் இருந்திருப்பீர்கள்.

அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று எடுங்கள். முன்னங்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். மற்றக் கையால் தூக்கிவிட்டு, நோகிற கையால் மெல்ல இறக்குங்கள். பதினைந்து தரம், மூன்று சுற்று. பொறுக்கக்கூடிய நோ வரலாம், அடுத்த நாள் காலை கூடியிருந்தால் மட்டும் பாரத்தைக் குறையுங்கள். தறியை நிறுத்தச் சொல்லவில்லை, வீடு எப்படி ஓடும்? ஒரே இருப்பாக இழுக்காமல் நேரத்தைத் துண்டு துண்டாக்குங்கள், அது போதும்.

ஏறாவூர் வாசகி: உம்மாவுக்கு 56 வயது, சீனி வருத்தம் உண்டு. தோள் இறுகி, தலை வாரக்கூட கை எழும்புதில்லை. இதற்கும் ஊசி கூடாதா?

இது வேறு. உறைந்த தோள் மாதிரித் தெரிகிறது, சீனிக்காரருக்கு அதிகம் வருவது. இதில் மூட்டுக்குள் போடும் ஊசி, அதுவும் தொடக்க மாதங்களில், நோவைக் குறைத்துப் பயிற்சி செய்ய வழிவிடும். 2020இல் பிரித்தானியாவில் 503 பேரில் மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்டார்கள்: மயக்கம் கொடுத்து மூட்டை அசைத்து விடுவது, கமராவைச் செலுத்தி இறுகிய உறையை வெட்டிவிடுவது, ஊசியோடு இயன்மருத்துவம். ஒரு வருடத்தில் ஒன்று மற்றதை விடத் தெளிவாக மேல் என்று சொல்ல முடியவில்லை. அப்படியென்றால் மயக்கமும் வெட்டும் இல்லாததில் தொடங்குவதுதான் புத்தி. ஊசிக்குப் பிறகு சில நாள் சீனி ஏறும், அதை டொக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அடிக்கடி அளந்து பாருங்கள்.

கல்லடியில் இருந்து ஒரு ரீச்சர்: காலையில் முதல் அடி வைக்கும்போது குதிக்கால் கொல்லுது.

ரீச்சர், டென்மார்க் ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. 48 பேர்தான், சிறியது, ஆனால் வீட்டில் செய்யலாம். படியின் விளிம்பில் துவாயைச் சுருட்டிக் கால்விரல்களுக்குக் கீழே வைத்து, குதிக்காலை மூன்று செக்கனில் உயர்த்தி, இரண்டு செக்கன் நிறுத்தி, மூன்று செக்கனில் இறக்க வேண்டும். ஒற்றைக் காலில் முடியாவிட்டால் இரண்டு காலில். ஒன்றுவிட்ட ஒரு நாள் செய்தால் போதும். வெறும் நீட்டல் பயிற்சியை விட மூன்று மாதத்தில் நல்ல பலன் தெரிந்தது, ஒரு வருடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றாகிவிட்டது. வீட்டுக்குள் சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

வாழைச்சேனை: கணுக்கால் சுளுக்குக்கு ஐஸா, ஒத்தடமா, வழிக்கிறதா?

முதல் இரண்டு மூன்று நாள் வழிக்கவே வேண்டாம். ஐஸ் நோவைக் குறைக்கும், வேகமாக ஆற்றும் என்று சொல்ல முடியாது. ஓய்வு, ஐஸ் என்ற பாடத்தை 1978இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் பின்னாளில் தானே ஐஸில் இருந்து பின்வாங்கினார். கட்டுப் போட்டு, பொறுக்கக்கூடிய அளவில் சீக்கிரம் அசையுங்கள். நாலு அடி வைக்க முடியவில்லை, அல்லது கணுவெலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

அக்கரைப்பற்று, 22 வயது: உதைபந்தாட்டத்தில் முழங்காலின் முன் சிலுவைத் தசைநார் அறுந்துவிட்டது. ஆறு மாதமாகிறது, பயிற்சி செய்தும் திரும்பும்போது முழங்கால் நழுவுது. ஒப்பரேஷன் இல்லாமல் சமாளிக்கலாமா?

தம்பி, 2010இல் சுவீடனில் 121 பேரை வைத்து நடந்த ஆய்வு உடனே வெட்ட அவசரமில்லை என்று காட்டியது. பயிற்சியில் தொடங்கியவர்களும் இரண்டு வருடத்தில் அதே நிலைக்கு வந்தார்கள், ஐந்து வருடத்தில் அவர்களில் பாதிப் பேர்தான் ஒப்பரேஷனுக்குப் போனார்கள். ஆனால் உங்கள் காயம் புதிதல்ல, முழங்காலும் நழுவுகிறது. அப்படிப்பட்ட 316 பேரைப் பார்த்த 2022 பிரித்தானிய ஆய்வில் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கே நல்ல பலன். இன்னும் விளையாட வேண்டுமென்றால் எலும்பு சத்திரசிகிச்சை நிபுணரைப் பாருங்கள், தொடைத் தசைப் பயிற்சியை அதுவரை விட வேண்டாம். மட்ச் மட்டும் வேண்டாம், ஒவ்வொரு நழுவலும் உள்ளே இருக்கும் மெனிஸ்கஸ் குருத்தெலும்பைக் கிழிக்கக்கூடும்.